கைகோத்து நின்ற இடது மூலை

எனக்கு ஒரே இடத்தில் நிற்க வராது. பஸ்ஸுக்குக் காத்திருந்தால்கூட நிறுத்தத்துக்கும் பெட்டிக்கடைக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பேன். சாப்பிட உட்கார்ந்தால் தொடை தானாக ஆடும். "கால ஆட்டாதடா, வீட்டுக்கு ஆகாது" என்று அம்மா அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, வீடு எப்படியோ போகட்டும் என்று ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள். இப்படிப்பட்ட ஆளைக் கொண்டுபோய், அசையாமல் நிற்பதையே ஆட்டமாக வைத்திருந்த ஒரு கபடி அணியில் சேர்த்தார்கள்.

ஓசூர்த் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருஷங்களில் பேட்டையில் பல கம்பெனிகளுக்குச் சொந்தமாகக் கபடி அணி இருந்தது. எங்கள் பெர்சனல் மேனேஜர் ஒரு கல்யாணத்துக்காக எங்கள் சாத்தூர்ப் பக்கம் வந்தவர், அங்கே கோயில் பொங்கலுக்கு நடந்த ஆட்டத்தைப் பார்த்தார். என்னையும் என் கூட்டாளியையும் ஒரே நாளில் டிரெயினியாக எடுத்துக்கொண்டார்.

கூட்டாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அவனுக்கும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஓசூரில் ஒரே அறை. என்னைப்போல ஒன்றரை ஆள் இருப்பான். சட்டை எடுக்கப் போனால் கடைக்காரர் முதலில் உதட்டைப் பிதுக்குவார், அப்புறம்தான் அலமாரியைப் பார்ப்பார். நான் ஆடிக்கொண்டே இருப்பவன் என்றால் அவன் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஷிப்டு முடிந்து வந்து சுவரில் சாய்ந்தான் என்றால் விளக்கைப் போடக்கூட எழுந்திருக்க மாட்டான். "மாப்ள, நீ எப்படியும் நடந்துட்டுதான இருக்க, அந்த சுவிட்ச தட்டிவிடு" என்பான். ஊரில் எங்களை ஜோடியாகத்தான் கூப்பிடுவார்கள்.

அணியிலும் நாங்கள் ஜோடிதான். மற்ற ஐந்து பேரும் பர்மனென்ட் ஆட்கள். பிரஸ் ஷாப்பிலும் ஃபோர்ஜிங்கிலும் பல வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவர்கள். கைகள் முருங்கை மரக் கிளை கனம் இருக்கும், ஆனால் முருங்கைபோல ஒடியாது. எங்கள் ஆட்டம் ரொம்ப எளிது. பாடி வருகிறவனைத் துரத்த மாட்டோம். இரண்டு இரண்டு பேராகக் கைகோத்து நிற்போம். அவன் உள்ளே வரும்வரை காத்திருப்போம். வந்து ஒருவனைத் தொட்டான் என்றால், கோத்த கைகள் கதவுபோல மூடும். அதற்குள் மாட்டியவன் எழுந்து போய் நான் பார்த்ததில்லை. கூட்டாளி இடது மூலை, அவனுக்கு வலப்பக்கம் நான். என் இடது கை எப்போதும் அவன் வலது கைக்குள் இருக்கும்.

எனக்கு அந்தக் கை ஒரு கைவிலங்கு மாதிரிதான் இருந்தது. பாடி வருகிறவன் அரை நொடி தடுமாறுவது எனக்குத் தெரியும், பாயலாம் என்று உடம்பு துடிக்கும், கூட்டாளியின் கை இழுத்துப் பிடிக்கும். "இரு மாப்ள. வருவான், எங்க போயிடப் போறான்." அவன் சொன்னபடியே வருவான், மாட்டுவான். ஜெயித்துவிட்டு நான் எரிச்சலோடு வெளியே வருவேன். ஜெயித்தவனுக்கு என்ன எரிச்சல் என்று கேட்பார்கள். ஓடாமலே வேர்த்தது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது மேனேஜர் எங்கள் இருவரையும் கேட் பக்கத்தில் நிறுத்திப் பேசினார். "தீபாவளியோட ரெண்டு பேருக்கும் டிரெயினிங் முடியுதுப்பா. ஆயுத பூஜை கப்ப அடிச்சிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் பர்மனென்ட் ஆர்டர் வாங்கித் தர்றது என் பொறுப்பு." கப் வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்கு முந்தின செட் டிரெயினிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்ததைப் பார்த்திருந்ததால் நாங்களும் கேட்கவில்லை. ஊரில் அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்து வீட்டுப் போனில் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "ஆர்டர் வந்துருச்சாய்யா?" காயின் போனில் நாணயம் தீரும்வரை நான் மழையைப் பற்றிப் பேசுவேன்.

கப் எங்களுக்குத்தான் என்ற நினைப்பு, கிருஷ்ணகிரியை அடுத்த காவேரிப்பட்டினத்தில் ஆடப்போன அன்று கெட்டது. அங்கே எங்களுக்கு எதிரே அத்திப்பள்ளிப் பையன்கள் வந்து நின்றார்கள். எல்லை தாண்டி இருக்கும் ஊர், கன்னடம் பேசும் பையன்கள், ஒருவன் உடம்பிலும் சதை கிடையாது. எங்கள் ஃபோர்ஜிங் அண்ணன் ஒருவர் அவர்களைப் பார்த்துவிட்டு, "இவனுங்கள புடிச்சா ஒடிஞ்சிருவானுங்களே, கேஸ் ஆயிடும்" என்று வருத்தப்பட்டார். ஆட்டம் முடிந்தபோது அவர் முட்டியில் கையூன்றிக் குனிந்து நின்றார். 

அவர்கள் எங்களை வீழ்த்தவில்லை. அரித்தார்கள். ஒருவன் வருவான், ஆழமாக வரவே மாட்டான், ஓரத்தில் ஒரு விரல் பட்டதும் திரும்பிவிடுவான். அவன் போய்ச் சேர்ந்ததுமே எங்கள் ஆள் பாடப் போயாக வேண்டும். எங்கள் ஆள் திரும்பி வந்து மூச்சு வாங்குவதற்குள் அவர்களுடைய அடுத்தவன் கோட்டில் நிற்பான். வெளியிலிருந்து ஒருவன் "பேக, பேக" என்று கத்திக்கொண்டே இருந்தான். சீக்கிரம், சீக்கிரம் என்று அர்த்தம். பிடிக்கும்போதும் அவர்கள் கை கோக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் விரிந்து நின்றார்கள். எங்கள் யானைகள் உள்ளே போனால் யாரைத் தொடுவது என்று பார்ப்பதற்குள் மூச்சு முடிந்துவிடும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நாங்கள் ஏழு அம்மிகள்.

பலசாலி அணி வேகமான அணியிடம் ஏன் தோற்கிறது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எடை என்பார்கள், வயது என்பார்கள், பரோட்டா என்பார்கள். அன்று திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது. ஒவ்வொரு ஆள் வந்து போன பிறகும் நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். கையை மண்ணில் தேய்ப்போம், உதறுவோம், பிறகு பக்கத்தில் இருப்பவன் கையைத் தேடிக் கோப்போம். எல்லா அணியும் அதற்கு நேரம் கொடுக்கும், ஏனென்றால் எல்லா அணியும் அதையே செய்யும். அத்திப்பள்ளிப் பையன்கள் அந்தக் கையைத் தேடுகிற நேரத்தில் வந்தார்கள்.

இதைக் கூட்டாளியிடம் சொன்னேன். "அப்ப கை கோக்காம ஆடுவோம் மாப்ள, என்ன இப்ப?" என்றேன். ஜன்னல் கம்பியில் தலை வைத்திருந்தவன் கண்ணைத் திறக்காமலே, "கை இல்லாட்டி நான் என்னடா மாப்ள? சும்மா ஒரு தூணு" என்றான்.  என் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதே பையன்கள் எங்கள் ஆயுத பூஜைப் போட்டிக்கும் பெயர் கொடுத்திருப்பதாகச் செய்தி வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டாளி மட்டும் நிதானமாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். எங்கள் ஊர்ப் பக்கம் ஓட்டக்காரன் வருகிறான் என்று தெரிந்தால் களத்தில் மண்ணை உயர்த்திப் போட்டுவிடுவார்கள். கால் புதையும், ஓடுகிறவனுக்கு முழங்கால் வலிக்கும், நிற்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது. "நம்ம கிரவுண்டு, நம்ம மண்ணு. வேகமா வரட்டும், எப்படி வேகமாப் போறானுங்கன்னு பாப்போம்" என்றான். ஏழு பேருக்கும் அது பெரிய யோசனையாகத் தெரிந்தது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு விவசாயியிடம் சொல்லி டிராக்டரில் வண்டல் மண் கொண்டுவந்தோம். சலித்தோம். களம் முழுக்கக் கணுக்கால் புதையும் அளவுக்குப் பரப்பி, உலர்த்தி, மாவுபோல வைத்தோம். மண் இறக்கிய டிராக்டர்க்காரர் களத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "எந்த ஊருப்பா நீங்கெல்லாம்?" என்று மட்டும் கேட்டார். சாத்தூர், கோவில்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆளுக்கொன்று பெருமையாகச் சொன்னோம். அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

அவர் ஏன் கேட்டார் என்பது பூஜை அன்று காலையில் புரிந்தது. எங்கள் பக்கம் மழை என்றால் இடி இடித்து, மின்னி, முன்கூட்டியே ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு வரும். ஓசூர்த் தூறலுக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது. பிரஸ்களுக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்துப் பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சத்தமே இல்லாமல் தூறிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் எடுத்துக்கொண்டு நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது களம் களி கிண்டிய சட்டியாக இருந்தது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் மழையைக் கணக்கில் சேர்க்கத் தெரியாத தெற்கத்திக்காரர்கள் ஏழு பேரும் வரிசையாக நின்று பார்த்தோம். சொந்தச் செலவில் சூனியம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், டிராக்டர் வைத்து ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

மற்ற அணிகளைச் சமாளித்துவிட்டோம். அவர்களும் எங்களைப்போலக் கனத்தவர்கள், எங்களோடு சேர்ந்து புதைந்தார்கள். சாயங்காலம் பைனலுக்கு அத்திப்பள்ளிப் பையன்கள் இறங்கினார்கள். வயலில் நாற்று நடுகிறவர்கள் நடப்பதுபோல நுனிக்காலில் நடந்தார்கள். எங்கள் ஃபோர்ஜிங் அண்ணன் பாடப் போனார், இரண்டாவது அடியில் கால் மாட்டியது, இழுத்தார், வந்தது, அதற்குள் மூன்று பேர் அவர்மேல் உட்கார்ந்திருந்தார்கள். "பேக, பேக" என்ற குரல் நிற்கவே இல்லை. மேனேஜர் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பாடி வருகிற ஆளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பர்மனென்ட் ஆர்டர் அந்த முகத்தில்தான் இருந்தது, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டு போனது.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஒருவன் வந்து தொட்டுவிட்டுப் போனான். வழக்கம்போலக் குனிந்து கையைத் தேய்த்தேன், இடது கையை நீட்டினேன். கூட்டாளி தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"குடு மாப்ள" என்றேன்.

"விடு."

"என்னடா விடு?"

"கைய விட்ருங்கறேன். எனக்குக் கால் வரல மாப்ள, கணுக்காலுக்கு மேலயே எறங்கிருச்சு. நான் இங்கனயே நிக்கிறேன். என்னத் தொடத்தான் வருவானுங்க. தொட்டுட்டுத் திரும்புவான் பாரு, அப்பப் புடி."

யோசிக்க நேரம் இல்லை. அடுத்தவன் வந்துவிட்டான். மண்ணில் மாட்டி நிற்கும் பெரிய ஆளை விட்டுவிட்டு வேறு யாரைத் தொடுவான்? நேராக மூலைக்குப் போனான், தொட்டான், திரும்பினான். திரும்புகிற அந்த நொடியில் அவன் முதுகு எனக்குத் தெரிந்தது. நான் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தேன். என் வாழ்க்கையில் முதல்தடவையாக யாரும் என்னை இழுத்துப் பிடிக்கவில்லை.

அப்புறம் எனக்குப் பேய் பிடித்துவிட்டது. அடுத்தவன் வந்தான், கூட்டாளியைத் தொட்டான், திரும்பினான், பிடித்தேன். கூட்டம் விசில் அடித்தது. பிடிபட்டவன் தொட்டது செல்லாது என்பதால் கூட்டாளி அவுட் ஆகாமல் அங்கேயே நின்றான். மார்பை நிமிர்த்தி, கையை அகல விரித்து, வா வா என்று நின்றான். தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு ஒரு குண்டு ஆள் சேற்றில் நகர முடியாமல் அடி வாங்குவதும், பக்கத்தில் ஒரு ஒல்லி ஆள் தனியாக ஆட்டத்தைத் தூக்குவதும்தான் தெரியும். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஒரே ஒரு புள்ளி பின்னால் இருந்தோம், கடைசி ரைடு அவர்களுடையது. அவன் உள்ளே வந்தான், கூட்டாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். அதற்குமேல் வரவில்லை. நேரம் தீரட்டும் என்று நடுக்கோட்டை ஒட்டி நின்று, நின்ற இடத்திலேயே பாடிக்கொண்டிருந்தான். சாயங்காலம் முழுக்க ஓடின பையன்கள் கடைசியில் நின்று ஜெயித்தார்கள். நான் அவனை நோக்கி ஓடினேன். அவன் ஒரு அடி பின்னால் வைத்துத் தன் பக்கம் போய்விட்டான்.

அடுத்த வாரம் மேனேஜர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "இனிமே கபடின்னா ஸ்பீடுதாம்பா. அடுத்த வருஷம் புது டீம் போடறேன், எல்லாம் ஒல்லிப் பசங்களா. உன்ன வச்சுத்தான் ஆரம்பிக்கப் போறேன். உன் ஆர்டருக்கு எழுதிட்டேன்" என்றார்.

"அவனுக்கு சார்?"

அவர் ஃபேனைப் பார்த்தார்.

"சார், அவன் நின்னதாலதான் சார் நான் புடிச்சேன்."

"அதத்தாம்பா நானும் சொல்றேன்" என்றார். "அவன் நின்னான்."

கெட்ட மனிதர் இல்லை. அவர் பார்த்ததைச் சொன்னார். நான் திரும்பத் திரும்ப விளக்கினேன், அவன் யோசனை சார், அவன்தான் கையை விடச் சொன்னான் என்றேன். விளக்க விளக்க அது கூட்டாளிக்காக நான் கட்டுகிற கதையாகத்தான் அவருக்குப் பட்டது. "நல்ல மனசுப்பா உனக்கு" என்று பாராட்டி அனுப்பிவைத்தார். பிரஸ் ஷாப்புக்கும் கேன்டீனுக்கும் நடுவே அன்று எத்தனை முறை நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

அறையில் கூட்டாளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சொன்னேன்.  "அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டியா?" என்றான். இல்லை என்றேன். "போய்ச் சொல்லு, போ. இருட்டுது பாரு, போறப்ப அந்த சுவிட்ச தட்டிவிட்டுப் போ."

தீபாவளிக் கூட்டத்தில் மதுரை பஸ்ஸில் இடம் பிடித்து அவனை ஏற்றிவிட்டேன். ஊருக்குப் போய் ஒரு பேப்பர் மில்லில் சேர்ந்தான். கல்யாணம் ஆனது, குழந்தைகள் பிறந்தன. இன்றும் போனில் பேசுவோம். அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

மேனேஜர் சொன்னபடி பொங்கல் முடிந்ததும் புது அணி போட்டார். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்கள், எல்லோரும் வெடவெடவென்று இருந்தார்கள், கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று மூன்றிலும் கேலி செய்தார்கள். கோச் முதல்நாளே சொல்லிவிட்டார், கை கோக்கவே கூடாது, இரண்டு அடி தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். எனக்காகவே சொன்னதுபோல இருந்தது. இத்தனை வருஷம் நான் கேட்டது அதைத்தானே.

களத்தில் இறங்கினோம். ஒருவன் பாடி வந்தான், தொடாமல் திரும்பிப் போனான். நான் குனிந்து மண்ணில் கையைத் தேய்த்தேன், உதறினேன். என் இடது கை தானாகப் பக்கவாட்டில் நீண்டது. நீண்டு, காற்றில் விரல்களை விரித்து, அப்படியே நின்றது.

"இன்னாண்ணா, பஸ்ஸுல கம்பி தேடறியா?" என்றான் மூலையில் நின்ற பையன்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்தவன் கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். அந்தக் கையை மடக்க எனக்கு நேரம் பிடித்தது. அவன் அதற்குள் என்னைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான்.